முதலாண்டு இசை மாணவர்களுக்கு நூலகத் தேடலை எங்கிருந்து தொடங்கிச் சொல்லித் தருவது?

நீங்கள் கேட்டது இது: இசை படிக்க வந்திருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தில் தேடக் கற்றுத்தர இரண்டு வகுப்புகள் கிடைத்திருக்கின்றன. போன வருடம் எல்லாத் தரவுத்தளங்களையும் வரிசையாகத் திறந்து காட்டினீர்கள். அப்படியும் கட்டுரை என்று வந்தால் கூகுளில் முதலில் கண்ணில் பட்டதைத்தான் எடுத்து ஒட்டுகிறார்கள். இந்த முறை என்ன செய்யலாம்?

தரவுத்தளங்களை முதல் வகுப்பில் திறக்கவே வேண்டாம்.

நானும் பல வருடம் அதைச் செய்தவன்தான். இசை நூலகர் என்ற பெருமையில் ஒரு மணி நேரத்தில் பதினொரு தளங்களைக் காட்டினேன். முடிவில் ஒரு மாணவி கையைத் தூக்கி, "சார், இதில் எதில் என் சொனாட்டா கிடைக்கும்?" என்று கேட்டாள். பதினொன்றில் எதிலும் இல்லை. அது பக்கத்து அறையில் மூன்றாவது அலமாரியில் இருந்தது. அன்றைக்குத்தான் வகுப்பைத் தலைகீழாக மாற்றினேன்.

வரலாறோ சமூகவியலோ படிக்கும் முதலாண்டு மாணவருக்கு நீங்கள்தான் தலைப்பு தேடிக் கொடுக்க வேண்டும். இசை மாணவர் அப்படியில்லை. இந்தப் பருவம் முழுக்க அவர் ஏதோ ஒரு உருப்படியை வாசித்துக்கொண்டிருக்கிறார். தினமும் மூன்று மணி நேரம் அதோடுதான் வாழ்கிறார். ஆனால் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்: எப்போது எழுதப்பட்டது, கையில் இருப்பது யார் பதிப்பித்தது, சுரங்களின் மேல் இருக்கிற இந்த வளைகோடு இசையமைப்பாளர் போட்டதா, வேறு யாராவது போட்டதா? பெரும்பாலும் பதில் இருக்காது. அந்தக் காகிதத்தை வாசிக்கும் பொருளாகப் பார்க்கிறாரே தவிர, ஒரு ஆவணமாகப் பார்த்ததில்லை. உங்கள் இரண்டு வகுப்பும் இந்த ஒரு பார்வையை மாற்றினால் போதும். ஆகவே முதல் வகுப்புக்கு ஒவ்வொருவரும் தான் வாசிக்கிற ஸ்கோரை, அதாவது இசைக்குறிப்புப் பிரதியைக் கையில் கொண்டு வரச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் என்றால் ஜெராக்ஸ். அதுவும் ஒரு பாடமாகும், கீழே சொல்கிறேன்.

முதலில் சொல்லித்தர வேண்டியது பெயர். இசையில் தேடல் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். புத்தகத்துக்கு ஒரு தலைப்பு இருக்கும். இசைப் படைப்புக்கு அப்படி ஒரு பெயர் பல நேரம் இருப்பதே இல்லை. 'சொனாட்டா', 'சிம்பொனி' என்பதெல்லாம் வகைகள். சில படைப்புகளுக்கு ஐந்தாறு பெயர் இருக்கும். 'மூன்லைட் சொனாட்டா' என்று தேடுகிறார்கள். பீத்தோவன் அப்படிப் பெயர் வைக்கவில்லை. 1802-இல் அச்சானபோது அதற்கு இட்ட தலைப்பு 'சொனாட்டா குவாசி உனா ஃபாண்டாசியா'. நிலவொளிப் பெயர் அவர் 1827-இல் இறந்த பிறகுதான் பரவியது. நூலகக் கேட்டலாகில் அதன் முறைப்படியான தலைப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்: சொனாட்டாஸ், பியானோ, எண் 14, ஓபஸ் 27 எண் 2, சி ஷார்ப் மைனர். ஓபஸ் என்பது வெளியீட்டு வரிசை எண். 'சொனாட்டாஸ்' என்று பன்மையில் ஏன் இருக்கிறது என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். அந்த இசையமைப்பாளர் அந்த வகையில் ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் பன்மை, அவ்வளவுதான். ஜெர்மன் பதிப்பு, ஜப்பானியப் பதிப்பு, பள்ளி மாணவர்களுக்கான பதிப்பு என்று அட்டையில் எது அச்சாகியிருந்தாலும் எல்லாம் இந்த ஒரே தலைப்பின் கீழ் வந்து சேரும். இதை முறைத் தலைப்பு என்று சொல்லிக் குழப்பாமல், "உன் உருப்படியின் ஆதார் எண்" என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

எண்களை நம்பாதே என்றும் இங்கேயே சொல்லிவிடுங்கள். ட்வோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி இன்று ஒன்பதாவது. பழைய ஸ்கோர்களிலும் பழைய இசைத்தட்டுகளிலும் அதையே ஐந்தாவது என்று போட்டிருப்பார்கள். முதலில் அச்சானபோது அதுதான் எண். ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனி இன்னும் மோசம்: ஆங்கிலப் பதிப்புகளில் ஒன்பது, இன்றைய ஜெர்மன் பதிப்புகளில் எட்டு, பழையவற்றில் ஏழு. மூன்றும் ஒன்றே. இந்தக் குழப்பத்திலிருந்து காப்பாற்றுவது படைப்புப் பட்டியல் எண். ஷூபர்ட்டுக்கு டாய்ச் என்பவர் 1951-இல் வெளியிட்ட பட்டியல், அதில் இது டி. 944. மொசார்ட்டுக்கு கோஷெல் 1862-இல் தொடங்கி வைத்தது. திருத்தித் திருத்தி 2024-இல்கூடப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. பாக்குக்கு ஷ்மீடர் 1950-இல் தொகுத்த பிடபிள்யூவி எண்கள். விவால்டிக்கு ஆர்வி. சரி, ஒரே எழுத்து இரண்டு பேருக்கு வருவதும் உண்டு: 'கே' என்று போட்டிருந்தால் மொசார்ட்டுக்கு கோஷெல், ஸ்கார்லாட்டிக்கு கிர்க்பாட்ரிக். ஸ்கார்லாட்டியின் அதே சொனாட்டா பழைய புத்தகத்தில் 'எல்' என்ற எழுத்தோடு வேறு எண்ணில் இருக்கும், அது லாங்கோ போட்டது.

ஜெர்மன் ஸ்கோர்களில் சுருதிப் பெயர் ஒரு தனிப் பொறி. ஜெர்மனில் 'பி' என்றால் ஆங்கிலத்தின் பி ஃப்ளாட். ஆங்கில 'பி'யை அவர்கள் 'ஹெச்' என்பார்கள். பிராம்ஸின் கிளாரினெட் குவின்டெட் ஆங்கிலத்தில் பி மைனர், ஜெர்மன் அட்டையில் ஹெச் மோல். இது தெரியாமல் ஒரு மாணவர் ஷூபர்ட்டின் டி. 960 சொனாட்டாவை "வேறு ஒன்று" என்று நினைத்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் 'பி டூர்' என்று இருந்தது, அவர் தேடியது பி ஃப்ளாட் மேஜர். இரண்டும் ஒன்றுதான்.

ஆள் பெயரிலும் இதே சிக்கல். சாய்கோவ்ஸ்கி ஆங்கில எழுத்தில் 'டி'யில் (T) தொடங்குவார். ஜெர்மானியர்களின் பெரிய இசைக் கலைக்களஞ்சியத்தில் 'சி'யில் (C) போய்த் தேட வேண்டும். கர்நாடக இசை படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல: தியாகராஜரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! நூலகங்கள் ஒரு எழுத்துமுறையைத் தேர்ந்து, பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் சேர்த்துப் பதிவு செய்யும். 1767, 1847 என்ற ஆண்டுகளோடு இருக்கும் பதிவைக் கண்டுபிடித்துவிட்டால், அதிலுள்ள எழுத்துமுறையை அப்படியே பிரதியெடுத்துத் தேடலாம். கீர்த்தனைக்கு ஓபஸ் எண் கிடையாது. பல்லவியின் முதல் சொற்கள், ராகம், தாளம் மூன்றும் சேர்ந்துதான் அடையாளம். முதல் சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் வேறு வேறு உருப்படிகள் கலந்து வரும்.

ஆக, முதல் வகுப்பின் முதல் அரை மணிக்கு ஒரே வேலை: ஒவ்வொருவரும் தன் உருப்படிக்கு அடையாள அட்டை எழுதுவது. யார், முறைத் தலைப்பு, சுருதி, பட்டியல் எண், எழுதிய ஆண்டு, முதலில் அச்சான ஆண்டு. கடைசி இரண்டும் வேறு வேறு என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கும். இவற்றை குரோவ் இசைக் கலைக்களஞ்சியத்தில் இசையமைப்பாளர் கட்டுரைக்குப் பின்னால் வரும் படைப்புப் பட்டியலில் எடுக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் அந்தக் கட்டுரையின் முதல் பத்தியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உண்மையான புதையல் பின்பகுதியில் இருக்கிறது. அச்சுப் பிரதி இருந்தால் அதையும் காட்டுங்கள்: 1980 பதிப்பு 20 தொகுதி, 2001 பதிப்பு 29. அந்தக் கனத்தைப் பார்த்தாலே ஒரு மரியாதை வரும்.

மரியாதை அளவு மீறாமல் இருக்க ஒரு கதையும் உண்டு. 1980 பதிப்பின் முதல் அச்சில் எஸ்ரும் ஹெலரூப் என்று ஒரு டேனிஷ் இசையமைப்பாளரைப் பற்றிக் கட்டுரை இருந்தது. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஒரு டேனிஷ் கிராமத்தின் பெயரையும் கோபன்ஹேகன் புறநகர் ஒன்றின் பெயரையும் ஒட்டிக் குறும்பாக எழுதியது அச்சாகிவிட்டது, பிறகு நீக்கினார்கள். "விக்கிப்பீடியாவை நம்பாதே" என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஒரு கதை நன்றாக வேலை செய்கிறது. எதையும் இரண்டாவது இடத்தில் சரிபார்க்க வேண்டும் என்பது மாணவர்களுக்குத் தானாகவே தோன்றுகிறது.

அப்புறம் எழுந்து நடக்க வையுங்கள். அலமாரிகளைச் சுற்றிக்காட்ட பத்து நிமிடம் போதும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி அடுக்கியிருந்தால் சூத்திரம் எளிது: 'எம்' என்றால் இசை, அதாவது ஸ்கோர், 'எம்எல்' என்றால் இசையைப் பற்றி எழுதியது, 'எம்டி' என்றால் கற்பிப்பதும் பயிற்சியும். பியானோ சொனாட்டாக்கள் எம் 23, இசையமைப்பாளர் வாழ்க்கை வரலாறுகள் எம்எல் 410. டியூவி முறை என்றால் எல்லாமே 780-களில் கிடக்கும். இதற்கு மேல் விளக்க வேண்டாம். தன் ஸ்கோரின் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னால் போதும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, பதிப்பு. மிச்சமிருக்கும் நேரம் முழுக்க இதற்கே கொடுங்கள்.

பாக்கின் சி மேஜர் பிரெலூடை, பிடபிள்யூவி 846, எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ படிக்கிற யாருக்கும் தெரிந்தது. இரண்டு மூன்று பதிப்புகளை மேசையில் போட்டு, எத்தனை பார், அதாவது செங்குத்துக் கோடுகளால் பிரித்த தாளக் கட்டங்கள், என்று எண்ணச் சொல்லுங்கள். சிலருக்கு 35 வரும், சிலருக்கு 36. "நீ தப்பாக எண்ணினாய்" என்று சண்டை நடக்கும். நடக்கட்டும். 22-ஆவது பாருக்கும் 23-ஆவது பாருக்கும் நடுவில் ஒரு கூடுதல் பார் சில பழைய பதிப்புகளில் இருக்கிறது. ஷ்வெங்கே என்பவர் பெயரால் அதை அழைக்கிறார்கள், பாக் எழுதியதல்ல. பியானோ ஆசிரியர் செர்னியின் பதிப்பிலும் அது இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ இந்தப் பிரெலூடின் மேல் 1853-இல் தன் மெட்டைப் போட்டபோது அந்தக் கூடுதல் பாரோடுதான் போட்டார். அதனால் உலகம் முழுக்க அது காதில் பழகிவிட்டது. செர்னி பதிப்பில் வேகக் குறிகளும் சத்த ஏற்ற இறக்கக் குறிகளும் தாராளமாக இருக்கும். பாக்கின் கையெழுத்துப் பிரதியில் அவை கிடையாது. இந்தப் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் ஸ்கோரைத் திருப்பிப் பார்ப்பார்கள் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே நான் இதை வருடாவருடம் செய்கிறேன்.

இந்த இடத்தில்தான் ஐஎம்எஸ்எல்பி. ஸ்கோர்களை இலவசமாகத் தரவிறக்கத் தரும், 2006-இல் தொடங்கிய அந்தத் தளத்தை எல்லா மாணவர்களும் பயன்படுத்துகிறார்கள். தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அங்கே எது அதிகம் கிடைக்கிறது என்று புரிய வையுங்கள். காப்புரிமை முடிந்தவைதான் பெரும்பகுதி. அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த பதிப்புகள், அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்களின் ரசனையோடு. அதே தளத்தில் சிலவற்றுக்கு இசையமைப்பாளரின் கையெழுத்துப் பிரதியும் கிடைக்கும், அதற்கு விலைமதிப்பே இல்லை. தரவிறக்கும்போது பதிப்பாசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்வது ஒரு பழக்கமாக வேண்டும். ஜெராக்ஸ் கொண்டுவந்தவர்களிடம் இந்த மூன்றும் கேளுங்கள். அட்டையும் முதல் பக்கமும் இல்லாத ஜெராக்ஸில் எதையும் சொல்ல முடியாது.

'ஊர்டெக்ஸ்ட்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையில் அது இருந்தால் தெய்வவாக்கு என்று நினைக்கிறார்கள். மூலங்களை ஒப்பிட்டு, பதிப்பாசிரியரின் சேர்க்கைகளைக் குறைத்துத் தந்தது என்றுதான் பொருள். எந்த மூலம், எங்கே முரண்பாடு என்பது பின்பக்கத்துக் குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு குறிப்பை வாசித்துக் காட்டுங்கள்.

சில நேரம் படைப்பே அவருடையதாக இருக்காது. பாக் என்று எல்லாரும் வாசிக்கிற ஜி மேஜர் மினுவெட், பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725 நோட்டுப் புத்தகத்தில் இருப்பது, கிறிஸ்டியன் பெட்சோல்ட் எழுதியது என்று 1970-களில்தான் உறுதியானது. பாக் பட்டியலில் அது பிற்சேர்க்கையில், எண் 114. அல்பினோனியின் அடாஜியோ என்று கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் ஒலிப்பது 1958-இல் ஜியாசோட்டோ என்ற இத்தாலியர் வெளியிட்டது. பழைய அட்டைகளும் இணையமும் இன்னும் பழைய பெயரையே சொல்லும். நல்ல கேட்டலாக் பதிவு திருத்திச் சொல்லும்.

பாடகர்களுக்கு வேறு கவலை: குரல் உயரம். ஷூபர்ட்டின் பாடல்கள் உயர்குரல், நடுக்குரல், தாழ்குரல் என்று தனித்தனித் தொகுதிகளாக வரும். பதிவில் அந்த வரியைப் பார்க்காமல் எடுத்துப் போனால் பாட முடியாது. ஆபெராவுக்கு 'வோக்கல் ஸ்கோர்' என்றால் பியானோவுக்குச் சுருக்கியது. வாத்தியக்காரர்கள் கையடக்க ஸ்டடி ஸ்கோரை எடுத்துக்கொண்டு போய் ஒத்திகையில் விழிப்பதும் அடிக்கடி நடக்கும். அதில் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித்தனிப் பார்ட் இருக்காது.

இரண்டாவது வகுப்பை முதல் வகுப்புக்கு மறுவாரம் வைக்காதீர்கள். கட்டுரையோ நிகழ்ச்சிக் குறிப்போ எழுதச் சொல்லிவிட்டு, அவர்கள் மாட்டிக்கொண்டு தவிக்கிற வாரத்தில் வையுங்கள். தேவை வராத நேரத்தில் சொன்னது எதுவும் நிற்பதில்லை. கல்லூரி நூலகர்களுக்கான அமெரிக்க அமைப்பு 2016-இல் ஏற்றுக்கொண்ட தகவல் திறன் சட்டகத்தைப் பாடத்திட்டக் குழு உங்களிடம் நீட்டும். நல்ல ஆவணம்தான். ஆனால் அதன் ஆறு கருத்துகளையும் முதலாண்டு மாணவரிடம் பெயர் சொல்லி விளக்க முயலாதீர்கள். 'ஆய்வு என்பது விசாரணை' என்று பலகையில் எழுதினால் அதைப் பதினேழு வயதுப் பையன் என்ன செய்வான்?

இப்போது தரவுத்தளம் திறக்கலாம். ஒன்றே ஒன்று: ரில்ம். 1966-இல் தொடங்கிய இது, இசையைப் பற்றி உலகம் முழுக்க எழுதப்படும் கட்டுரை, நூல், ஆய்வேடுகளைச் சுருக்கத்தோடு பட்டியலிடுகிறது. அடையாள அட்டையில் எழுதிய பட்டியல் எண் இங்கேதான் கைகொடுக்கும். 'மூன்லைட்' என்று தேடினால் வருவதும், ஓபஸ் 27 என்று தேடினால் வருவதும் எப்படி வேறுபடுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். கேட்டலாகில் பொருள் தலைப்புகளின் ஒரு நுணுக்கமும் இங்கே சொல்லத்தக்கது: காங்கிரஸ் நூலகத் தலைப்புகளில் 'சிம்பொனிஸ்' என்று பன்மையில் தேடினால் ஸ்கோர்களும் ஒலிப்பதிவுகளும் வரும்; 'சிம்பொனி' என்று ஒருமையில் தேடினால் அந்த வடிவத்தைப் பற்றிய புத்தகங்கள் வரும். சொல்லின் முடிவில் மட்டும்தான் வித்தியாசம். இதைத் தெரிந்துகொண்ட மாணவர் மந்திரம் கற்ற மாதிரி நடந்துகொள்வார்.

ரிப்ம் பழைய இசைப் பத்திரிகைகளுக்கானது. நேரம் இருந்தால் ஐந்து நிமிடம் வேடிக்கை காட்டலாம்: இன்று தலையில் வைத்துக் கொண்டாடும் படைப்பை அதன் காலத்து விமர்சகர் எப்படித் திட்டினார் என்று ஒன்றைத் தேடி வைத்திருங்கள். கையெழுத்துப் பிரதிகள் உலகில் எந்த நூலகத்தில் இருக்கின்றன என்று சொல்லும் ரிஸ்ம், 1952-இல் தொடங்கியது, இலவசமாகவே இணையத்தில் இருக்கிறது. ஆர்வம் உள்ளவர் தானே போவார். மூன்றாம் ஆண்டுக்கு விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவும் ஒரு ஆதாரம் என்பதை விட்டுவிட வேண்டாம். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை 1955-இலும் 1981-இலும் பதிவு செய்தார். முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது சுமார் 51. "கூல்ட் வாசித்ததைக் கேட்டேன்" என்று எழுதினால் எது என்று யாருக்கும் தெரியாது. கலைஞர், பதிவு செய்த ஆண்டு, நிறுவனம், தட்டு எண் இவை இல்லாமல் யூடியூப் இணைப்பை மட்டும் ஒட்டினால் மதிப்பெண் கிடையாது என்று நான் சொல்லிவிடுவேன்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளைப் பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். நான் தடை போடுவதில்லை. ஒருமுறை வகுப்பிலேயே அதனிடம் ஐந்து கட்டுரைகளின் பெயர் கேட்க வைத்து, ஐந்தையும் ரில்மிலும் கேட்டலாகிலும் தேடச் சொன்னேன். ஆசிரியர் பெயர் உண்மை, பத்திரிகை உண்மை, கட்டுரை மட்டும் இல்லவே இல்லை என்று இரண்டு அகப்பட்டன. ஐந்தையும் தேடியதில் தேடலுக்கும் நல்ல பயிற்சி கிடைத்தது.

மதிப்பீட்டுக்குத் தேர்வு வைக்காதீர்கள். தன் உருப்படிக்கு ஒரு பக்க நிகழ்ச்சிக் குறிப்பு, கூடவே அரைப் பக்கம்: என் கையில் இருக்கிற பதிப்பு எது, வேறு எந்தப் பதிப்போடு ஒப்பிட்டேன், எந்த இரண்டு இடங்களில் வேறுபடுகிறது, நான் எதை வாசிக்கப் போகிறேன், ஏன். அந்த அரைப் பக்கத்துக்குத்தான் நான் பாதிக்கு மேல் மதிப்பெண் வைப்பேன். அதை எங்கிருந்தும் ஒட்ட முடியாது. வாத்தியம் சொல்லித்தரும் ஆசிரியரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாணவர் ஒரு வளைகோட்டைக் காட்டி "இது அவர் போட்டதில்லை சார்" என்று பாடத்தின் நடுவில் ஆரம்பித்தால், கோபம் நூலகத்தின் மேல் திரும்பும். எனக்கு ஒருமுறை அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கடைசியில் அவரே வந்து அந்தப் பதிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் திருப்பித் தரவில்லை.